ஓய்வுக் காலத்துக்கு ஒரு மலையூர்

வேலையில் இருக்கிற வரைக்கும் எல்லாரிடமும் ஒரு மலை இருக்கிறது. கிள்ளான் துறைமுகத்தில் நான் 31 ஆண்டுகள் வேலை செய்த இடத்தில், மத்தியான வெயிலில் கொள்கலன் அடுக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "ரிட்டையர் ஆனதும் கேமரன்ல ஒரு வீட்டப் பாத்துட்டுப் போயிருவேன்" என்று சொல்லாதவர்கள் குறைவு. சொன்னவர்களில் போனவர் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஒருவர் பேரனைப் பார்த்துக்கொள்ள ஷா ஆலாம் போனார். ஒருவர் இன்னும் கிராப் ஓட்டுகிறார்.

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கு வேறொரு காரணமும் இருந்தது. என் மனைவி கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். மாமனார் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்தார். மாமியார் கொழுந்து பறித்தார். 14 வயதில் குடும்பம் கீழே இறங்கியது. கல்யாணமாகி 33 ஆண்டுகளாகக் கிள்ளானின் புழுக்கத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, எதையும் எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். அதை நான் கவனித்திருக்கிறேன்.

எனக்கு 58 வயதானபோது இதைப் பேச்சாக இல்லாமல் கணக்காகப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். இரண்டு ஆண்டுகள், விடுப்பு கிடைத்தபோதெல்லாம், ஊர் ஊராகப் போனோம். என்னைப் போன்ற நடுத்தரச் சம்பளக்காரர்களுக்கும், "அப்பா அம்மாவ என்ன செய்யலாம்" என்று யோசிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று அதை எழுதுகிறேன்.

முதலில் பணம். சேமநிதி வாரியம் 2019 முதல் பல ஆண்டுகள் சொல்லிவந்த அடிப்படைச் சேமிப்பு அளவு, 55 வயதில் 240,000 ரிங்கிட். அதாவது 20 ஆண்டுகளுக்கு மாதம் 1,000 ரிங்கிட். இன்றைய விலைவாசியில் 1,000 ரிங்கிட்டில் இருவர் குடும்பம் எப்படி ஓடும் என்பதை உங்கள் வீட்டில் யார் கடைக்குப் போகிறாரோ அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். மகளின் படிப்புக்கு எடுத்தது போக எனக்கும், பாலர் பள்ளி ஆசிரியையான மனைவிக்கும் சேர்த்து 310,000 ரிங்கிட் இருந்தது. 2023க்கு 5.50 விழுக்காடு, 2024க்கு 6.30 விழுக்காடு என்று லாப ஈவு கொடுத்தார்கள். 5.50 என்றே வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 17,050 ரிங்கிட். மாதத்துக்கு ஏறக்குறைய 1,420. முதலைத் தொடாமல் இருந்தால் அவ்வளவுதான். இதோடு கடன் அடைத்து முடித்த, பழைய இரட்டைமாடி வரிசை வீடு ஒன்று கிள்ளானில் இருக்கிறது.

சேமநிதிப் பணத்தை 60 வயதில் மொத்தமாக எடுத்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவையில்லை. 100 வயது வரை அங்கேயே விட்டு வைக்கலாம், ஈவும் வந்துகொண்டிருக்கும். என் நண்பர் ஒருவர் மொத்தமாக எடுத்து, மலையடிவாரத்தில் "பங்களா லாட்" வாங்கினார். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பார்த்தது பிரேசர் மலை. அழகு என்றால் அதுதான் அழகு. கொடி படர்ந்த கடிகாரக் கோபுரம், கல் பங்களாக்கள், காலையில் பறவை பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள். ஆனால் ஒரு சாமானியக் குடும்பம் வாழ அங்கே ஊர் என்று ஒன்று இல்லை. காய்கறிக்கும் மருந்துக்கும் ரவூப்புக்கோ கோல குபு பாருவுக்கோ இறங்க வேண்டும். "மூணு நாளைக்கு நல்லாருக்கும்ங்க. நாலாவது நாளு யாருகிட்ட பேசுறது?" என்றாள் மனைவி. அத்தோடு அது முடிந்தது.

குண்டாசாங்குக்கும் போனோம், சுற்றுலாவோடு சேர்த்து. கினபாலு மலை காலையில் முகத்துக்கு எதிரே நிற்கும். விலையும் கேட்டோம். ஆனால் அங்குள்ள நிலங்களில் பெரும்பகுதி சபா பூர்வகுடியினருக்கான பட்டா. நாம் வாங்க முடியாது. தீபகற்பத்திலிருந்து போகும் நாம் சபாவில் நீண்ட காலம் தங்கவே அனுமதி வேண்டும். 2015 ஜூனில் அங்கே நிலநடுக்கம் வந்தது. இத்தனைக்கும் மேலே பிள்ளைகள் பார்க்க வர விமான டிக்கெட். பார்த்துவிட்டு, நல்ல பால் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

தைப்பிங்கை நான் உண்மையாகவே விரும்பினேன். இன்றும் விரும்புகிறேன். மலையூர் இல்லைதான், மலையின் காலடி ஊர். புக்கிட் லாருட், பழைய பெயரில் மெக்ஸ்வெல் மலை, ஊருக்குப் பின்னால் சுவர்போல எழுந்து நிற்கும். மேலே குடியிருக்க முடியாது. ஆனால் கீழே ஏரித் தோட்டம், மருத்துவமனை, நம் கடைகள், கோயில்கள், ரயில் எல்லாம் இருக்கின்றன. நாட்டின் முதல் ரயில் பாதையே 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்டதுதான். இன்றைக்கு இடிஎஸ் ஏறினால் பேருந்து, கார் எதுவும் வேண்டாம், கோலாலம்பூர் வந்துவிடலாம். வீட்டு விலையும் வாடகையும் கிள்ளானைவிடக் குறைவு. வயதானவர்கள் தைப்பிங்கைத் தேடிப் போவது சும்மா இல்லை. என் கணக்குப் புத்தகத்தில் அது முதல் இடத்தில் இருந்தது. மனைவி ஏரிக்கரையில் விசிறிக்கொண்டே சொன்னாள்: "எல்லாம் சரிதான். கிள்ளான் மாதிரியே வேர்க்குதே."

ஆகக் கடைசியில் கேமரன் மலை.

அந்த ஊரை நாம் சுற்றுலாவாகவே பார்த்துப் பழகிவிட்டோம். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் 60 கிலோமீட்டர், வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி, குழந்தை ஒருமுறை வாந்தி, மேலே ஸ்ட்ராபெரி, சோளம், பிரிஞ்சாங் இரவுச் சந்தை, திரும்பி வரும்போது பூத்தொட்டி. குடியிருக்கப் போகிறவர் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். நாங்கள் மூன்று முறை போனோம். ஒரு பள்ளி விடுமுறை, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, நவம்பர் மழையில் ஒரு வாரம். இந்த மூன்றையும் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

பள்ளி விடுமுறையில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் போகவே அரை நாள் ஆனது. பக்கத்துக் காரில் இருந்தவர் இறங்கி, சாலையோரம் மாகி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நடந்தே வந்து தன் காரைப் பிடித்தார். செவ்வாய்க்கிழமை அதே சாலையில் காய்கறி லாரிகளும் நாங்களும்தான். நவம்பரில் மழை நிற்கவேயில்லை. துவைத்த சட்டை நான்கு நாள் காயவில்லை. தங்கியிருந்த வாடகை அறையின் அலமாரியைத் திறந்தால் பூஞ்சை வாடை. குழாயில் தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது.

மழை என்றால் அங்கே சட்டை காய்வதைப் பற்றி மட்டும் பேச முடியாது. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை இருக்கிறது. மேலே மலைச்சரிவுகளை வெட்டிப் பண்ணை போட்டதில் மண் எல்லாம் அந்த நீர்த்தேக்கத்தில் வந்து படிகிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. 2014 நவம்பரில் மறுபடியும் வெள்ளம், சேறு, மண்சரிவு, மறுபடியும் உயிரிழப்பு. எனவே வீட்டு முகவர் "வியூ சூப்பர் அங்கிள்" என்றால் நான் முதலில் பின்பக்கம் போய்ச் சரிவைப் பார்ப்பேன். மண் வெட்டிய சரிவா, மரம் நிற்கிற சரிவா, வடிகால் எங்கே போகிறது, கீழே ஆறு எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன். மேலிருக்கும் பள்ளத்தாக்குக் காட்சிக்குத் தரும் காசை விட இந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு அதிகம்.

இப்போது நண்பரின் "பங்களா லாட்" கதை. அவர் வாங்கியது வீட்டு நிலமே இல்லை. தற்காலிகக் குடியிருப்பு உரிமம் உள்ள பயிர் நிலம். நாம் "டிஓஎல்" என்று சொல்வோமே, அது. அந்த உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. ஒருவர் இன்னொருவருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாதது. அதில் நிரந்தரக் கட்டடமும் கட்ட முடியாது. கையெழுத்துப் போட்ட தாளில் "பயன்பாட்டு ஒப்பந்தம்" என்று இருந்ததை அவர் வாசித்திருந்தார், ஆனால் முகவரின் பேச்சைத்தான் நம்பினார். கேமரன் மலைப் பண்ணைகளில் பல இப்படிப்பட்ட உரிமத்தில் ஓடிவந்தவைதான். மலையடிவாரக் கிராமங்களில் இன்னொன்றும் உண்டு: மலாய் ஒதுக்கீட்டு நிலம். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அது நமக்குப் பெயர் மாற்ற முடியாத நிலம். நில அலுவலகத்தில் பட்டா எண்ணைக் கொடுத்துத் தேடல் எடுத்தால் ஒரு மத்தியானத்தில் இது எல்லாம் தெரிந்துவிடும். செலவும் ஒரு குடும்பம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிற அளவுதான்.

அடுக்குமாடி வீடுகள் பக்கம் வந்தோம். தானா ராத்தாவில் எங்களுக்குச் சொல்லப்பட்ட விலை 320,000இலிருந்து 400,000 வரை. எங்கள் மொத்தச் சேமநிதியைவிட அதிகம். கிள்ளான் வீட்டை விற்றால் வாங்கலாம். பலவற்றில் 99 ஆண்டுக் குத்தகை. அதில் கணிசமான ஆண்டுகள் ஓடிவிட்டன. எஞ்சிய ஆண்டு குறையக் குறைய வங்கிக் கடன் கிடைப்பது கடினம். எனவே நாளை நமக்குப் பின் பிள்ளைகள் விற்பதும் கடினம். ஒரு கட்டடத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை. காவலாளியிடம் விசாரித்தால், பாதி வீடுகள் விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்களுடையவை, பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்றார். மலையில் அடுக்குமாடி வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்: எத்தனை வீட்டில் ஆள் குடியிருக்கிறார்கள்? இரவு எட்டு மணிக்குக் கீழே நின்று விளக்கு எரியும் சன்னல்களை எண்ணினாலே போதும். நாங்கள் எண்ணிய கட்டடத்தில் 60க்கும் மேற்பட்ட வீடுகளில் 11 சன்னல்.

என் உடம்பும் ஒரு கணக்கு. 56 வயதில் எனக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவரிடம் மலையில் குடியிருக்கலாமா என்று கேட்டேன். தானா ராத்தா 1,400 மீட்டருக்குச் சற்று மேல். "உயரம் உங்களுக்குப் பிரச்னையில்லை" என்றார் அவர். "குளிர்ல காலைல திடீர்னு எழுந்து வேகமா நடக்காதீங்க. நெஞ்சு வலிச்சா எவ்வளவு நேரத்துல ஆஸ்பத்திரி வரமுடியும், அத மட்டும் யோசிங்க." தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது, அவசர சிகிச்சைக்கு அது போதும். இதய நிபுணர் வேண்டுமென்றால் சிம்பாங் பூலாய் சாலையில் ஈப்போ இறங்க வேண்டும், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். சாலையில் மண் சரிந்தால் எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்ல முடியாது.

இதைக் கேட்டதும் மகள் அழுதாள். "அப்பா, ஷா ஆலாம்ல எங்க கூட இருங்க. குட்டியையும் பாத்துக்கலாம்ல?" சிங்கப்பூரில் இருக்கும் மகன் பேசாமல் இருந்தான். பிறகு என்னிடம் தனியாக, "காசுக்கா போறீங்க, அம்மாவுக்காகப் போறீங்களா?" என்று கேட்டான். இரண்டுக்கும் என்றேன். உண்மையும் அதுதான். மகள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பேரக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்பது காலை ஆறரைக்குத் தொடங்கி இரவு எட்டுக்கு முடிகிற வேலை. மனைவி 27 ஆண்டுகள் பிறர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றிருக்கிறாள். அவளிடம் யாரும் "உனக்கு எங்க இருக்கணும்?" என்று கேட்டதில்லை என்பது அந்தச் சண்டையின்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது.

அவளைக் கேட்டோம். "தோட்டத்தப் போய் ஒரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

போனோம். அவள் பிறந்த லயம் அங்கே இல்லை. அந்த இடத்தில் புதிய வரிசை வீடுகள், வெளியே காயும் லுங்கிகள், வங்காளப் பேச்சு. கொழுந்து எடுக்கும் இயந்திரத்தை இரண்டு பேர் இருபக்கமும் பிடித்துக்கொண்டு வரிசை மேல் நகர்ந்தார்கள். பெரட்டுக் களம் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. தோட்டத்துக் கோயில் மட்டும் இருந்தது, ஓடு மாற்றி, பளிங்குத் தரை போட்டு. அங்கே பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி இவளை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ வாட்டுறவரு மக இல்ல? அம்மா இருக்கா புள்ள?" என்றார். அம்மா போய் ஒன்பது ஆண்டுகள் ஆகிறது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வெளியே நின்று தேயிலையைப் பார்த்தேன். 1929இல் ரசல் என்ற வெள்ளைக்காரர் போ தோட்டத்தைத் தொடங்கியதை எல்லாப் பயணக் குறிப்புகளும் எழுதுகின்றன. இந்தச் சரிவுகளில் காடு வெட்டிச் செடி நட்டவர்களில் எத்தனையோ பேர் நம்மவர்கள். அவர்களில் பலருக்கு இங்கே ஒரு துண்டு நிலம் பெயரில் இல்லை. 55 வயதில் லயத்தைக் காலி செய்துவிட்டு இறங்கினார்கள். என் மாமனாரும் அப்படித்தான் இறங்கினார். அவர் மகள் ஓய்வு பெற்று மேலே ஏறி வருவது எனக்கு ஒரு வீம்பாகக்கூடப் பட்டது. அந்த வீம்பு எனக்குப் பிடித்தும் இருந்தது.

திரும்பும்போது காரில் அவள் சொன்னாள்: "தோட்டத்துக்குப் பக்கத்துல வேணாம். டவுன்ல பாருங்க. ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல."

வாங்குவதில்லை என்று அன்றே முடிவானது. கிள்ளான் வீட்டை மாதம் 1,350க்கு வாடகைக்கு விட்டோம். தானா ராத்தா பிரதான வீதிக்குப் பின்னால், இரண்டு அறை கொண்ட பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை மாதம் 1,100க்கு எடுத்தோம். முதல் மாடி, மின்தூக்கியை நம்ப வேண்டியதில்லை. தானா ராத்தா என்றாலே சமதளம் என்றுதான் பொருள். மருத்துவமனை, பேருந்து நிலையம், சந்தை, கோயில், தோசைக் கடை எல்லாம் நடந்தே போகலாம். மீதி 250இல் கிள்ளான் வீட்டின் நிலவரி, மதிப்பீட்டு வரி, அவ்வப்போது கூரை ஒழுகல். ஈவுத் தொகை 1,420, மகன் அனுப்பும் 500, முதலிலிருந்து மாதம் 300. இதில் எங்கள் வாழ்க்கை ஓடுகிறது. என் மாதாந்திர மாத்திரைகளைக் கிள்ளான் மருத்துவமனையிலிருந்து இங்குள்ள அரசு மருந்தகத்துக்கு மாற்றிக் கேட்டேன்; எஸ்.பி.யு.பி. என்று ஒரு முறை இருக்கிறது, எந்த அரசு மருந்தகத்திலும் எடுத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபுணரைப் பார்க்க மட்டும் கீழே இறங்குகிறேன். அப்படியே பேத்தியையும் பார்த்துவிடுகிறோம்.

மலிவா என்று கேட்டால், சில விஷயங்களில். குளிரூட்டி இல்லாததால் மின் கட்டணம் குறைந்தது. ஆனால் வெந்நீருக்கும், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்துக்கும் அதில் பாதி போய்விடுகிறது. மீன் கீழேயிருந்து ஏறி வருகிறது, விலையும் ஏறித்தான் வருகிறது. காய்கறி மலிவு என்பது பாதிக் கதை. சாலையோரக் கடையில் சுற்றுலா விலை. பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வாங்கும் இடம் தெரிந்தால்தான் நம் விலை. அதைக் கண்டுபிடிக்க மனைவிக்கு இரண்டு வாரம் ஆனது. வாரக் கடைசியில் நாங்கள் காரை எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிட்டு, ஞாயிறு மாலை வரை வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

முன்பு இருந்த குளிர் இப்போது இல்லை என்று இங்குள்ள பழையவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். இருந்தாலும் இரவில் போர்வை வேண்டியிருக்கிறது. மனைவி காலையில் பின்கட்டுச் சன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அங்கே நின்றபடியே தேநீர் குடிக்கிறாள். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டிக்கும் அவளுக்கும் மலாய் கலந்த ஏதோ ஒரு மொழியில் தினமும் கால் மணி நேரம் பேச்சு. மாலையில் மூன்று பிள்ளைகள் தமிழ்ப் பாடம் படிக்க வருகிறார்கள். நான் கணக்கு சொல்லித் தருகிறேன்.

வாடகை ஒப்பந்தம் அடுத்த ஏப்ரலில் முடிகிறது. வீட்டுக்காரர் 100 வெள்ளி கூட்டிக் கேட்கிறார். நவம்பர் மழை கழியட்டும், அப்புறம் பேசலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.